பெயர் தெரியுமா?

காம்பாருக்குப் பக்கத்தில் நாங்கள் வாழ்ந்த தோட்டத்தில் இப்போது லயங்கள் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆட்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். கோயிலும் அதன் பின்னால் இடுகாடும்தான் மிச்சம். அங்கே லாலாங் புல் ஆள் உயரம் நின்றது.

போன மாதம் எங்கள் இளைஞர் குழு அங்கே கோத்தோங் ரோயோங் வைத்தது. மரங்களையும் வெட்டிச் சமன் செய்துவிடலாம் என்றேன். ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, உடம்பு பஞ்சபூதத்தோட கலந்துடுச்சு, ஆத்மாவும் போயிடுச்சு. அப்புறம் இந்தக் குழியை ஏன் பார்த்துக்கிட்டு இருக்கணும்?"

நல்ல கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், அக்கா படிக்கும் லண்டனுக்குப் போயிருந்தேன். நகரின் கிழக்கே டவர் ஹாம்லெட்ஸ் என்ற பழைய இடுகாட்டைக் காட்டினாள். 1841இல் திறந்தது, 1966இல் அடக்கம் செய்வதை நிறுத்திவிட்டார்கள். சுமார் 350,000 பேர் அங்கே இருக்கிறார்கள். பெரும்பாலும் ஏழைகள், பலருக்குக் கல்லே கிடையாது, பொதுக்குழிதான். இன்று அது இயற்கைக் காப்பிடம். கல்லறைகளுக்கு நடுவே மரம், பறவை, பட்டாம்பூச்சி. அதை அவமரியாதை என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அடக்கப் பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. கல் இல்லாத ஏழைக்கும் அங்கே பெயர் உண்டு.

நம் தோட்டத்து இடுகாட்டில்?

எங்களோடு வந்த பாட்டி ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "இதை வெட்டிடாதீங்கய்யா. இதுதான் எனக்கு அடையாளம். இதுக்கு மேற்கால மூணாவதுதான் ஒன் தாத்தாவோட அப்பா."

"அவரு பேரு என்ன பாட்டி?"

"மாமனார் பேரை நான் எப்படிச் சொல்றது? பழனி மலையில இருக்கிற சாமி பேருதான்."

ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தேன். நாலாவது பெயருக்குத் தலையாட்டினார். அன்றுதான் என் கொள்ளுத்தாத்தா பெயர் எனக்குத் தெரிந்தது. பாட்டி அன்று வராமல் இருந்திருந்தால்?

தம்பிக்கு அப்போது பதில் சொன்னேன். தர்ப்பணம் கொடுக்கும்போது மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லச் சொல்கிறது நம் மரபு. குழி எங்கே, கல் எங்கே என்று அது கேட்பதில்லை. உடம்பு மண்ணாகட்டும், மேலே மரம் வளரட்டும்; அதில் குற்றமில்லை. பெயரை மறப்பதுதான் கடனைக் கட்டாமல் விடுவது. இன்னொன்றும் உண்டு. நாளைக்கு இந்த நிலத்தில் ஒரு மேம்பாட்டுத் திட்டம் வந்தால், பெயர்ப் பட்டியல்கூட இல்லாமல் யாருக்காக, எதை வைத்துப் பேசுவோம்?

நாங்கள் லாலாங்கை மட்டும் வெட்டினோம். மரங்களை விட்டுவிட்டோம். பாட்டி கைகாட்டச் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டுப் புத்தகத்தில் 17 பெயர்கள் எழுதினோம். மற்ற மேடுகள் யாருடையவை என்று அவருக்கும் தெரியவில்லை.

ஆடி அமாவாசைக்குக் காத்திருக்காதீர்கள். இன்றிரவே வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.