ஏற்பதா, விடுவதா?



பங்குப் பாடகர் குழாமில் பல்லாண்டுகளாகக் கிற்றார் வாசித்து வந்த ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். மூட்டுவாதத்தால் இடக்கை விரல்கள் வீங்கியிருந்தன. "சுவாமி, இது கடவுள் தந்த சிலுவை, ஏற்றுக்கொண்டு கிற்றாரை ஒரு மூலையில வையுங்கோ எண்டு வீட்டில சொல்லுகினம். நானோ அதைத் திருத்தி வாசிக்கப் பார்க்கிறன். இது சிலுவையை விட்டு ஓடுறதோ?" என்று கேட்டார்.

சிறு கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். நோயை ஏற்பதும் நோய் தொட்டதையெல்லாம் கைவிடுவதும் ஒன்றே என நம்மிற் பலர் எண்ணுகிறோம். பக்தியின் பெயரால் சோர்வைப் போதிக்கிறோம். ஆண்டவர் கல்வாரிக்குச் சென்றபோது சிரேனே ஊரான் சீமோனின் தோளும் சிலுவையின் கீழ் இருந்தது. அதனால் அவர் சிலுவையை மறுத்தார் என்று எவரும் சொல்வதில்லை.

பின்பு கிற்றாரை எடுத்துப் பார்த்தோம். நைலோன் தந்தி பூட்டிய இத்தகைய கிற்றாரில், பன்னிரண்டாம் மெட்டின்மேல் தடித்த தந்தி ஏறக்குறைய 4 மில்லிமீற்றரும் மெல்லிய தந்தி 3 மில்லிமீற்றரும் உயர்ந்து நிற்பது வழக்கம். இவருடையதில் அதைவிட மிகுதி. ஈரக்காற்றில் மேற்பலகை ஊதும்போது தந்திகளும் மேலெழும். ஆக, அவர் தம் விரல்மேற் சுமத்திய குற்றத்தில் ஒரு பங்கு பலகையினுடையது! தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டை 1 மில்லிமீற்றர் தேய்த்தால் பன்னிரண்டாம் மெட்டில் அரை மில்லிமீற்றர் தாழும். தேய்த்ததை மீண்டும் வளர்க்க முடியாது. எனவே பழையதைப் பத்திரப்படுத்தி, புதிய துண்டொன்றைச் சிறிது சிறிதாகத் தேய்ப்பதே புத்தி. இழுவிசை குறைந்த தந்திகளும் உண்டு. மருந்தை நிறுத்தவேண்டாம் என்பதையும் சொல்லிவைத்தேன்.

ஆனால் இதற்கு விலையுண்டு. அளவுக்கு மீறித் தாழ்த்தினால் தந்தி மெட்டிற் பட்டு இரையும். மெல்ல மீட்டினால் இரைச்சல் போகும், ஒலியும் குறையும். நோவைத் தாங்க ஆயத்தமாயிருந்த அந்த மனிதர் இதைக் கேட்டபோதுதான் முகம் வாடினார். முன்பு பாடகர் குழாமையே அவருடைய கிற்றார் நடத்திச் சென்றது. இனி அது மற்றவர்களுக்குக் கீழே ஒலிக்கவேண்டும். அவர் கணக்கிற் சேர்க்காத சிலுவை இதுவாக இருக்கலாம்.

ஸ்பானிய நாட்டுக் கிற்றார் மேதை பிரான்சிஸ்கோ தாரேகா சிறுவயது முதலே கண்பார்வை குன்றியவர். பிற்காலத்தில் நகத்தை விட்டு விரல் தசையாலேயே மீட்டினார். ஒலி சிறுத்தது, அந்த மென்மையையே அவர் விரும்பினார். 1906இல் பாரிசவாதம் அவருடைய வலப்பக்கத்தைத் தாக்கியது. அதன் பின்னும் பயிற்சியை விடவில்லை. 1909 டிசம்பரில் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் அவர் எழுதிமுடித்த சிறு இசைத்துண்டுக்கு 'ஒரேமுஸ்' என்று பெயர். பழைய இலத்தீன் பூசையை நினைவில் வைத்திருக்கும் நம் மூத்தவர்களுக்குப் பொருள் சொல்லத் தேவையில்லை: மன்றாடுவோமாக.

நம் நண்பர் கடந்த ஞாயிறு முதற்பூசைக்குக் கிற்றாருடன் வந்திருந்தார். காணிக்கைப் பாடலுக்கு மட்டும் வாசித்தார். பின்வரிசையிலிருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. பூசை முடிந்ததும் அவருடைய மனைவி கிற்றாரைத் தானே தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார்.