நாண் தொடாத கட்டைவிரல்

ஏழாம் வகுப்பில் எங்களுக்கு ஏகலைவன் கதை பாடம். வாத்தியார் கதையை நன்றாகத்தான் சொன்னார். நிஷாதன் மகன் என்பதால் துரோணர் கற்றுத்தர மறுத்தது, அவன் காட்டுக்குப் போய் மண்ணால் குருவின் உருவம் செய்து வைத்துத் தானே பழகியது, குரைத்த நாயின் வாயில் ஏழு அம்புகளை அடைத்தது, கடைசியில் வலது கட்டைவிரலை அறுத்துக் குருவுக்குக் கொடுத்தது. கொடுத்ததோடு கதை முடிந்துவிட்டது. "இதுக்குப் பேர்தான் குருபக்தி. எழுதிக்குங்க" என்றார்.

கடைசி வரிசை சேரிப் பிள்ளைகளின் வரிசை. அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான்.

"அப்புறம் அவன் அம்பு விட்டானா சார்?"

"அது பாடத்துல இல்ல. ஒக்காருடா."

அவன் எட்டாவதோடு நின்று செங்கல் சூளைக்குப் போய்விட்டான். நான் தமிழ் எம்.ஏ. வரைக்கும் வந்தேன். அவன் கேட்ட கேள்வியும் என்னோடு வந்தது. கட்டைவிரல் போன கதையை நாம் மேடைமேடையாகப் பேசியிருக்கிறோம், கவிதையாக எழுதியிருக்கிறோம். இட ஒதுக்கீடு பற்றிய பேச்சில் ஏகலைவன் பெயர் வராத கூட்டம் குறைவு. ஆனால் விரல் போன மறுநாள் காலையில் அவன் என்ன செய்தான் என்று அந்தச் சூளைக்காரனைத் தவிர யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

விடை மகாபாரதத்திலேயே இருக்கிறது. மிச்ச விரல்களால் நாணை இழுத்து ஏகலைவன் அம்பு விட்டான் என்றும், முன்பிருந்த வேகம் இல்லை என்றும் ஆதிபர்வம் சொல்கிறது. வேகம்தான் போனது, வில் போகவில்லை. பிறகு துரோண பர்வத்தில் கிருஷ்ணன் அர்ச்சுனனுக்குக் கணக்குச் சொல்கிற இடம் வருகிறது. உனக்காகத்தான் அவன் விரல் வாங்கப்பட்டது, உனக்காகத்தான் நான் அவனைக் கொன்றேன் என்கிற கணக்கு. விரலை வாங்கிய பிறகும் ஆளையே கொல்ல வேண்டியிருந்தது என்றால், அந்த ஒன்பது விரல்காரன் சும்மா இருந்திருப்பானா?

அப்படியானால் என் கேள்வி குருபக்தி பற்றியதல்ல. கற்றுத்தர மறுத்தார்கள், பழகினான். விரலை எடுத்தார்கள், மறுபடியும் பழகினான். ஒரு மனுசனை வில் எதனால் இப்படிப் பிடித்துக்கொள்கிறது? அந்தப் பிடிப்புக்கு நியாயம் அநியாயம் என்று ஏதாவது உண்டா?

ஏகலைவன் காட்டுக்காரன், நான் சேரிக்காரன். அவனைச் சொந்தம் கொண்டாடுமுன் அவனுடைய ஜனங்களிடம் கேட்பதுதான் முறை. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜனவரியில், நில உரிமைக் கூட்டம் ஒன்றுக்காக ஜார்க்கண்டின் சந்தால் பர்கனா பகுதிக்குத் தோழர்களோடு போயிருந்தேன். நமக்குப் பொங்கல் வருகிற அதே நாட்களில் சந்தால் மக்களுக்கு சக்ராத் பண்டிகை. அதில் பேஜா என்று ஒரு அம்புப் போட்டி நடக்கும். ஊருக்கு வெளியே வெட்டவெளியில் வாழைத்தண்டை நட்டு வைக்கிறார்கள். தூரத்தில் கோடு கிழித்து ஒவ்வொருவராக வந்து அம்பு விடுகிறார்கள். பல் போன கிழவனும் வருகிறான், மீசை முளைக்காத பயலும் வருகிறான். தவறினால் ஊரே சிரிக்கிறது. தவறியவனும் சேர்ந்து சிரிக்கிறான். கடைசியில் ஒருவன் அம்பு தண்டில் போய்க் குத்தி நின்றது. அவ்வளவுதான், தோற்றவர்கள் எல்லாரும் ஓடிப்போய் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனார்கள். மேளம் முன்னால் போனது.

சாயங்காலம் ஒரு பெரியவர் தன் வில்லை என் கையில் கொடுத்தார். மூங்கில் வில். நாணும் மூங்கில் பட்டைதான். நான் பேனாவைப் பிடிக்கிற மாதிரி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அம்பின் வாலைப் பிடித்தேன். அவர் என் கட்டைவிரலைத் தட்டி விலக்கினார். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அம்பை வைத்து விரல்களை நாணில் மடித்துவிட்டார். இந்தி தெரிந்த தோழர் அவர் சொன்னதை எனக்குச் சொன்னார்: "கையைப் பாக்காதே பாபு, வாழையைப் பாரு. கையாலே இழுக்காதே, முதுகாலே இழு."

முதல் அம்பு பத்தடி தாண்டி மண்ணில் விழுந்தது. இரண்டாவது எங்கே போனதென்றே தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு அம்புகளுக்குப் பிறகு ஒன்று வாழைத்தண்டின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இருட்டி வாழை கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் வில்லைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. எது என்னைப் பிடித்துக்கொண்டது என்று யோசித்துப் பார்த்தேன். நாணை இழுத்து நிறுத்துகிற அந்த ஒரு மூச்சு நேரத்தில் மனசில் வேறெதுவும் இல்லை. கடன் இல்லை, வழக்கு இல்லை, நாளைக்கு யாரிடம் கைகட்டி நிற்க வேண்டும் என்ற நினைப்பு இல்லை. ஆனால் அது மட்டும் காரணமல்ல. எம்.ஏ. முடித்தபின் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். எதிரில் இருந்தவர் முதலில் கேட்டது என் ஊர். இரண்டாவதாகக் கேட்டது, ஊரில் எந்தப் பக்கம். மூன்றாவது கேள்வி வரவேயில்லை. சங்க இலக்கியம் பற்றி நான் இரவெல்லாம் படித்துக்கொண்டு போனது அப்படியே என்னிடமே இருந்தது. படித்த நாள் முதலாக என்னை அளந்ததெல்லாம் இன்னொருவன் கை. அம்பு அப்படி இல்லை. தவறினால் தவறு என்னுடையது, பட்டால் பட்டதும் என்னுடையது. வாழைத்தண்டில் நிற்கிற அம்புக்கு யாரும் இரண்டு மார்க் குறைத்துப் போட முடியாது. நடுவில் ஆள் வைக்காமல் தன் தகுதியைத் தானே கண்ணால் பார்க்கிற சந்தோஷம் அது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வாயால் மட்டுமே தன் மதிப்பைக் கேட்டு வந்தவனுக்கு அது எத்தனை பெரிய விஷயம்!

காட்டில் ஏகலைவன் செய்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். மண்பொம்மை வாய் திறந்து சபாஷ் என்று சொல்லாது, நீ இந்தப் பக்கம் வராதே என்றும் சொல்லாது. அவனுக்குக் கற்றுத்தந்தது அவன் விட்ட அம்புதான். துரோணருக்கு அவன் எந்தக் கடனும் படவில்லை. படாத கடனுக்குத்தான் விரலைக் கட்டினான்.

இதைச் சொல்லும்போது நண்பர் ஒருவர் மறித்தார். "தோழர், அர்ச்சுனனும்தான் வில்லைக் காதலிச்சான். துரோணரும்தான். அப்ப அவங்க ஆசையும் உங்க ஆசையும் ஒண்ணா?"

நியாயமான கேள்வி. அங்கேதான் விஷயமே இருக்கிறது. நாயின் வாயில் ஏழு அம்புகள் நின்றதைப் பார்த்தபோது அர்ச்சுனன் என்ன செய்திருக்க வேண்டும்? வில்லை நிஜமாகவே நேசித்தவன் என்றால் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். "அடடா, இப்படியும் விடலாமா, எனக்கும் சொல்லிக்கொடு" என்று அந்தக் காட்டுப் பையன் கையைப் பிடித்திருக்க வேண்டும். அவன் நேராகக் குருவிடம் போனான். என்னைவிடச் சிறந்தவன் இருக்க மாட்டான் என்று வாக்குக் கொடுத்தீர்களே என்று முறையிட்டான். துரோணரும் வித்தையைப் பார்த்து மகிழவில்லை, வாக்கைக் காப்பாற்றினார். அவர்கள் நேசித்தது வித்தையை அல்ல, வித்தையில் தாங்கள் முதலாவதாக இருப்பதை. சாதி என்பதும் இந்த இரண்டாவது ஆசைதானே? அறிவு வேண்டும் என்பதைவிட, அடுத்தவனுக்கு அது இருக்கக்கூடாது என்பதில் இருக்கிற ருசி. பேஜாவில் தோற்றவர்கள் ஜெயித்தவனைத் தூக்கிச் சுமந்தார்கள் என்று சொன்னேனே, ஒருவன் ஆசை எந்த ரகம் என்று சோதிக்க எனக்கு இப்போது அந்த ஒரு அளவுகோல் போதும்.

ஆசையை அடக்க முடியாத இடத்தில் உறுப்பை வாங்குவது இந்த மண்ணின் வழக்கம். தமிழ் படித்தவன் என்பதால் எனக்குத் திண்ணன் ஞாபகம் வருகிறான். பெரியபுராணத்துக் கண்ணப்பன். உடுப்பூர் வேடர் தலைவனின் மகன், வில் பழகி வளர்ந்தவன். அவனை நமக்கு வில்லாளியாக யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? அம்பினாலேயே தன் கண்ணைத் தோண்டி அப்பிய பக்தன் என்றுதான் சொன்னார்கள். வில்லாளிக்கு முக்கியமானவை கண்ணும் விரலும். வடக்கே ஒரு வேடனிடம் விரலை வாங்கினார்கள், தெற்கே ஒரு வேடனிடம் கண்ணை வாங்கினார்கள். கொடுத்த பிறகுதான் இரண்டு பேருக்கும் கதையில் புகழ். முழு உடம்போடு இருந்தவரை ஒருவன் ஆபத்தானவன், இன்னொருவன் மாமிசம் படைத்துப் பூசையைக் கெடுத்தவன்.

எங்கள் பக்கம் விரலை அறுக்கவில்லை, மையில் தோய்த்தார்கள். 1892-இல் வெள்ளைக்கார அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் எத்தனை ஊர்களில் கைநாட்டுகளாகவே கைமாறிப் போனது! என் தாத்தாவின் கட்டைவிரல் ரேகை ஒரு பழைய கடன் பத்திரத்தில் இன்னும் இருக்கிறது. கொடுத்த விரல் கையிலேயே இருந்தது, நிலம்தான் இல்லை. ஏகலைவன் எனக்குச் சொந்தமா என்ற கேள்விக்கு அந்தப் பத்திரத்தைத்தான் நான் பதிலாகக் காட்ட முடியும்.

வில் ஆயுதமும்தான், அதை மறைக்க வேண்டாம். 1855-இல் சித்து, கானு முர்மு தலைமையில் சந்தால் மக்கள் எழுந்தபோதும், 1899-1900-இல் பிர்சா முண்டாவின் உல்குலானிலும் கையில் இருந்தது வில்தான். எதிரே துப்பாக்கி. முடிவு நமக்குத் தெரியும். ஜெயிக்கிற ஆயுதம் என்பதற்காகத்தான் வில்லை நேசித்தார்கள் என்றால் 1900-லேயே அதைக் கீழே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இன்றைக்கும் சக்ராத் அன்று வாழைத்தண்டு நடுகிறார்கள்.

இப்போது அரசாங்கமும் வில்லை எடுத்துக்கொண்டிருக்கிறது. விளையாட்டு வீரருக்குக் கொடுக்கும் விருதுக்கு அர்ச்சுனன் பெயரை 1961-இல் வைத்தார்கள். பயிற்சியாளர் விருதுக்கு 1985-இல் துரோணர் பெயர். விரலை வாங்கிய குருவின் பெயரில் நல்ல குரு விருது! ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்து ஆதிவாசிப் பையன் லிம்பா ராம் மூங்கில் வில்லோடு காட்டில் திரிந்தவர். 1988-இல் சியோல் ஒலிம்பிக்குக்குப் போனார். 1992-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் 30 மீட்டர் தூரத்தில் 360-க்கு 358 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அவருக்குக் கிடைத்ததும் அர்ச்சுனன் பெயரிலான விருதுதான். ராஞ்சிப் பக்கம் மாங்காய்க்குக் கல்லெறிந்து குறி பழகிய ஆட்டோ ஓட்டுநர் மகள் தீபிகா குமாரி 2010-இல் தில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். அவருக்கும் அதே அர்ச்சுனன்தான். அம்பு சாதி கேட்பதில்லை, சரி. போட்டி வில் லட்சக்கணக்கில் விலை கேட்கிறது. மைதானம், பயிற்சியாளர், தேர்வுக்குழு என்று நடுவில் நிற்கிறவர்கள் இன்னும் நிறையக் கேட்கிறார்கள். வில்லின் நீதி நாண் விட்ட பிறகுதான் ஆரம்பிக்கிறது. வில் கைக்கு வருகிறவரைக்கும் உள்ள அநீதிக்கு நாம்தான் சண்டை போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. துரோணர் ஏன் குறிப்பாகக் கட்டைவிரலைக் கேட்டார்? அந்தக் காலத்து முறையில் நாணை இழுத்தது கட்டைவிரல் என்றால்தான் அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. மங்கோலியர், கொரியர், ஜப்பானியர் மரபிலும் அப்படித்தான். அந்த விரலுக்கென்று முகலாய அரசர்கள் பச்சைக்கல்லில் செய்துகொண்ட வளையங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் 1972-இல் ஒலிம்பிக்குக்கு வில்வித்தை திரும்பி வந்ததிலிருந்து 2024 பாரிஸ் வரை அங்கே இழுக்கப்பட்டது ரிகர்வ் வில். அதன் நாணில் இருப்பவை ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கிக் கிடக்கிறது. எழுபது மீட்டர் தள்ளி, பன்னிரண்டு சென்டிமீட்டர் சொச்ச வட்டத்தை அடிப்பது அந்த மூன்று விரல்கள்தான். பில் மக்கள் கட்டைவிரலை நாணில் வைக்காததை ஏகலைவன் நினைவாக என்று சொல்வார்கள். சந்தால் பெரியவர் என் விரலைத் தட்டி விலக்கியதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. அவர் ஜனங்கள் விடுகிற விதம் அது, அவ்வளவுதான்.

அம்பேத்கர் தன் குருக்கள் என்று புத்தர், கபீர், பூலே மூன்று பேரைச் சொன்னார். மூவரும் அவர் பிறக்குமுன்பே இறந்துபோனவர்கள். ஒருவரும் அவரிடம் தட்சிணை கேட்க முடியாது. மண்ணைப் பிசைந்து நாமே நம் குருவைச் செய்துகொள்வது தப்பில்லை. அந்த முகம் யாருடையதாக இருக்க வேண்டும் என்பதில்தான் ஏகலைவன் ஏமாந்தான். நாம் ஏமாற வேண்டியதில்லை.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது சூளைக்காரனைப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். அவனுக்குத் தான் கேட்ட கேள்வியே மறந்துபோயிருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, மண் ஏறிய தன் கையை விரித்து, கட்டைவிரலை மடக்கி, மூன்று விரலால் காற்றில் ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

"அப்ப விட்டிருக்கான்" என்றான்.

"விட்டிருக்கான்டா" என்றேன்.