தெரியாமல் கொடுத்த வலி

நமக்கே தெரியாமல் ஓர் உயிருக்கு நாம் கொடுக்கும் வலி பாவக் கணக்கில் சேருமா? சமணரும் பௌத்தரும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மோதிக்கொண்ட கேள்வி இது. எனக்கு இது பிழைப்போடு வந்து ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் வால்சால் வட்டாரத்தில், சேணம் குதிரைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சேணத் தொழிலால் பெயர்பெற்ற ஊர். உள்ளூர்க் கால்பந்து அணிக்கே 'சேணக்காரர்கள்' என்றுதான் செல்லப்பெயர்.

என்னைக் கூப்பிடுகிறவர்களில் பலர் டிரெஸ்ஸாஜ் பழகுகிறவர்கள். ஏறியிருப்பவர் கட்டளையிடுவதே வெளியில் தெரியாதபடி குதிரையை நடத்திக் காட்டும் கலை அது. குதிரைமேல் இவர்களுக்கு இருக்கும் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பாசக்காரர்கள்தான் சொல்வார்கள்: "வயிற்றுவாரை இறுக்கினால் கடிக்க வருகிறாள், கொஞ்சம் திமிர் பிடித்தவள்." திமிரைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் சேணத்தின் அடித்துணியை எடுங்கள் என்பேன்.

துணியில்லாமல்தான் பார்க்க வேண்டும். குதிரை சமதரையில் நேராக நிற்கட்டும். சேணத்தைச் சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கி நகர்த்தினால், அதற்குரிய இடத்தில் தானே நின்றுவிடும். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் அது அமர வேண்டும். முன்னங்கால் முன்னே நீளும்போது அந்த எலும்பின் மேல்முனை பின்னோக்கி நகரும். சேணத்துக்குள் இருக்கும் சட்டத்தின் நுனி அங்கே நின்றால் ஒவ்வோர் அடியிலும் இடிக்கும். முன்புறத்தில், முதுகு மேடிட்டு எழும் இடத்துக்கும் சேணத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகுத்தண்டின் நெடுகிலும் எதுவும் படக்கூடாது. பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டக்கூடாது. அதற்கு அப்பால் பாரத்தைத் தாங்க விலா இல்லை. பிறகு அடிமெத்தைக்குக் கீழே கையை விட்டு, முன்னிருந்து பின்வரை மெல்லத் தடவிக்கொண்டே போவேன். நடுவில் கை தளர்ந்து முன்னும் பின்னும் இறுகினால், மொத்தப் பாரமும் நான்கு மூலைகளில் இறங்குகிறது என்று அர்த்தம். உட்கார்ந்திருப்பவருக்கு இது கொஞ்சமும் தெரியாது. அவருக்கு இருக்கை சுகமாகத்தான் இருக்கும்.

ஆள் ஏறியபின் இதையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். ஓடும்போது சேணம் ஒரு பக்கம் சரிகிறதா என்று பின்னால் நின்று கவனிக்க வேண்டும். இறக்கியபின் வியர்வைத் தடம் இருக்கிறது. சுற்றிலும் நனைந்து நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகமோ என்று சந்தேகப்படுவேன். அந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தால், வலி பழையது.

குதிரை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பார்கள். 1904-இல் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரையைச் சோதிக்க ஒரு குழுவே அமைத்தார்கள். கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும் என்று புகழ்பெற்ற குதிரை. ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற உளவியலாளர் பின்னர் குட்டை உடைத்தார்: கேட்பவரின் தலை மயிரிழை அசைவதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியது; கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் அதற்கும் தெரியவில்லை. நம் தலையசைவை அவ்வளவு நுட்பமாக வாசிக்கும் பிராணி அது. அது காதை மடக்கி, வாலை வீசி, பல்லைக் காட்டிச் சொல்வதற்கு நாம் வைத்த பெயர் திமிர். சூ டைசன் என்ற கால்நடை மருத்துவர், ஏறி ஓட்டும்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் குதிரைக்கு எங்கோ வலி இருக்கக்கூடும் என்கிறார். எனவே குதிரை சொல்லவில்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

மறுபடி பாவக் கணக்குக்கு வருகிறேன். பாலி நூல்களில் உபாலி சூத்திரம் என்று ஒன்று உண்டு. தீவினையில் கனமானது உடலால் செய்வது என்பது அதில் நிகண்டர், அதாவது சமணர், தரப்பு. மனத்தால் செய்வதே என்பது புத்தர் தரப்பு. பௌத்த நூல் என்பதால் வெற்றி யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. லாயத்தில் நின்று பார்த்தால் எனக்கு மனம் மறுபக்கம் சாய்கிறது. குதிரையின் முதுகை அழுத்துவது ஏறியிருப்பவரின் எண்ணம் அல்ல, அவருடைய பாரம். சமண ஆசிரியர் உமாஸ்வாதி இன்னும் கூர்மையாகச் சொல்கிறார்: கவனமின்மையால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை. இந்த இலக்கணத்தில் பாசத்துக்குச் சலுகை கிடையாது. பார்த்து நடந்தும் காலடியில் எறும்பு மாட்டிக்கொண்டவருக்கு உண்டு. பார்க்காமலே நடந்தவருக்கு இல்லை.

சென்ற ஆண்டு பார்த்தோமே என்பதும் செல்லாது. பயிற்சியில் தசை ஏறும், ஓய்வில் இறங்கும், மெத்தைக்குள் அடைத்த கம்பளி அமுங்கும். அன்று பொருந்திய சேணம் இன்று பொருந்தும் என்று என்னால் எழுதித்தர முடியாது.

அடிப்படையிலேயே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: கச்சிதமாகப் பொருந்தினாலும், சம்மதம் கேட்காமல் இன்னோர் உயிரின் முதுகில் ஏற நமக்கு என்ன உரிமை? எனக்கு விடை கிடைக்கவில்லை. இந்தத் தொழிலில் சோறு உண்பவன் சொல்லும் விடையை நீங்கள் நம்பவும் வேண்டாம். ஆனால் அதைக் காரணம் காட்டி, என் கைக்கு எட்டும் வலியைப் பார்க்காமல் விட முடியாது. சேணம் பொருந்தவில்லை, இன்று ஏறாதீர்கள் என்று சொன்னால், அடுத்த வாரம் போட்டி இருக்கிறதே என்பார்கள். போட்டியை விடுங்கள் என்பதுதான் என் பதில்.