கல் சொல்லும் சாட்சி

அறிஞர் ஒருவர் சொல்லிவிட்டார் என்பதாலேயே ஒரு கருத்து அறிவாகிவிடுமா? அவர் கண்டு தந்த உண்மையைப் போற்றுவோர், அவர் கொண்ட கொள்கைக்கும் தலைவணங்கத்தான் வேண்டுமா? ஏட்டைப் புரட்டுமுன் ஒரு கல்லைப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்துச் செம்மணற்கல்லில் கிடைத்தது ஒரு மீனின் உருவம். தலையை மூடி எலும்புக் கவசம், உச்சியிலே கண்கள், அடிப்புறத்திலே வாய், கடிப்பதற்கோ தாடை இல்லை! 1835-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தில் பிறந்த லூயி அகாசி அதற்குச் செபலாஸ்பிஸ், அதாவது தலைக்கேடயம், எனப் பெயரிட்டார். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகட்கு முன் வாழ்ந்து மறைந்த குடும்பம் அது.

மீன் புதைபடிவ ஆராய்ச்சிக்கு அடித்தளமிட்ட மேதை அகாசி. மறுப்பாரில்லை. ஆனால், உயிரினங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை, மாறாதவை என்றார் அவர். 1859-இல் டார்வினின் நூல் வந்த பின்னரும், 1873-இல் மறையும்வரை பரிணாமத்தை மறுத்தார். அதோடு நின்றாரா? மனித இனங்களும் வெவ்வேறாகத் தோன்றியவை, அவற்றுள் கறுப்பர் தாழ்ந்தோர் என்றும் 1850-இல் எழுதினார். அமெரிக்காவில் அடிமை முறையைக் காத்து நின்றோர்க்கு அந்தக் கருத்தே கேடயமாயிற்று!

கல்லோ வேறு கதை சொல்லிற்று. ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளில் கிடைத்த இக்குடும்பத்து மீன்களை ஆராய்ந்த ஸ்வீடன் அறிஞர் எரிக் ஸ்டென்சியோ, 1927-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். தலைக்கவசத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, மூளையும் நரம்புகளும் இருந்த வழிகளை வரைந்து காட்டினார். இன்றும் வாழும் தாடையற்ற லாம்ப்ரே மீனின் அமைப்போடு ஒப்புமை தெரிந்தது. மற்றொரு புறம், இம்மீன்களின் மார்புப்பகுதியில் இணைத்துடுப்புகள் இருந்தன. தாடையுள்ள மீன்களுக்கு நெருங்கிய உறவு இக்கூட்டமே என்று இன்றைய ஆராய்ச்சி கருதுகிறது. தாடை தோன்றாத உடலிலேயே துடுப்பு தோன்றிவிட்டது! படிப்படியான மாற்றத்திற்கு அகாசி பெயரிட்ட மீனே சாட்சியாயிற்று.

“அவ்வளவு பெரிய மேதையை எடைபோட நீங்கள் யார்?” என்பர் சிலர். நாம் எடைபோடுவது மனிதரை அன்று, கருத்தை. கவசத்தை எவரும் மீண்டும் ஆராயலாம்; ஆகவே அது அறிவு. கறுப்பர் தாழ்ந்தோர் என்றதற்குச் சான்று ஏது? ஆகவே அது ஆணவம். மீனுக்காக வெறியை ஏற்க வேண்டியதில்லை. வெறிக்காக மீனை எறிய வேண்டியதுமில்லை.

தோழர்களே! பிறர் போற்றும் பெரியோரை இத்தராசில் நிறுத்துவது எளிது. நாம் போற்றுவோர் சொல்லையும் அதே தராசில் நிறுத்துகிறோமா? அங்கே கை நடுங்குமானால், நாம் பெற்றது பகுத்தறிவு அன்று, வேறொரு பக்தி!