குறையைச் சொல்லி விற்போம்

 

வியாபாரம் ஹலால், வட்டி ஹராம் என்பது நம்மில் சிறு பிள்ளையும் அறிந்த விஷயம். ஆனால் ஹலாலான வியாபாரத்துக்குள்ளேயே ஹராம் நுழையும் வாசல்கள் உண்டு. அவை எங்கே இருக்கின்றன என்று காண, பழைய மோட்டார் கார்களின் உதிரிச் சாமான்கள் கைமாறும் சந்தையை இம்மாதம் எடுத்துக்கொள்வோம்.

உற்பத்தி நின்று பல ஆண்டுகளான கார்களைச் செப்பனிட்டு ஓட்டுவதில் பிரியமுள்ளவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். அவற்றின் அசல் சாமான்களைக் கம்பெனியிடம் கேட்டு வாங்க முடியாது. ஆகவே வைத்திருப்பவரும் தேடுபவரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அமெரிக்காவில் ஹெர்ஷி நகரில் அக்டோபர் மாதந்தோறும் இத்தகைய பெருஞ்சந்தை கூடுகிறது. இங்கிலாந்தின் பியூலி கிராமத்துச் சந்தை 1967இல் தொடங்கியது. சிங்கப்பூரிலும் 1930களில் தோன்றிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் நாள் வரை நடந்தது. நம் தெருக்களில் ஓடிய மோரிஸ் மைனர், 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட கார். அதன் அசல் சாமான் ஒன்று வேண்டுமானால் இன்று யாரோ ஒருவருடைய பழைய பெட்டியைத்தான் துழாவ வேண்டும்.

இத்தகைய சந்தையில் பெரும்பாலும் பில் இல்லை, உத்தரவாதம் இல்லை. மாலையானால் விற்றவர் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். வாங்கியவர் கையில் இருப்பது சாமானும், விற்றவர் சொன்ன சொல்லும் மட்டுமே.

மதீனத்துக் கடைத்தெருவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்த வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட பெருமானார், மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். சகோதரர்களே, இதைச் சற்று ஆழ்ந்து சிந்தியுங்கள். தானியத்தை நனைத்தது மழை, வியாபாரி அல்ல. அவர் பொய் சொன்னதாகவும் ஹதீதில் இல்லை. காய்ந்தது மேலேயும் நனைந்தது கீழேயும் இருந்தது. குற்றம் அவ்வளவுதான்!

இப்போது நம் சாமானுக்கு வருவோம். பிரேக் டிரம்மில் மயிரிழை போல ஒரு விரிசல். அதன்மேல் ஒரு கை கறுப்புச் சாயம் பூசினால் கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் குழாய் பிரிக்காத பெட்டியில் இருந்தாலும் பல ஆண்டுகள் கழித்து இறுகி வெடிக்கும்; பெட்டி புதிதாகத் தெரிவதால் குழாயும் புதிது என்று வாங்குபவர் எண்ணுவார். பழைய பிரேக் கட்டைகள் பலவற்றில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதைத் தேய்க்கும்போது எழும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். விற்பவர் இவற்றை அறிந்தும் வாய் திறக்கவில்லையானால், நாளை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும் காரில் உட்கார்ந்திருப்பது யாருடைய பிள்ளை? நனைந்த தானியத்தால் பணம்தான் நஷ்டம். இங்கே உயிரே நஷ்டமாகும்.

"கண்ணால் பார்த்துத்தானே வாங்கினார்? இருந்தபடி விற்றேன்" என்று சிலர் வாதிப்பர். கண்ணுக்குத் தெரிந்த துருவுக்கு அந்த வாதம் பொருந்தும். விற்பவருக்கு மட்டுமே தெரிந்த விரிசலுக்குப் பொருந்தாது. மறைந்திருந்த குறைக்காகச் சரக்கைத் திருப்பித் தரும் உரிமையை நமது ஃபிக்ஹு வாங்கியவருக்கு அளித்திருக்கிறது. சிங்கப்பூரிலும் 2012 செப்டம்பர் 1 முதல் இதையொத்த சட்டம் ஒன்று வந்தது. வியாபாரி விற்கும் பழைய சாமானும் அதற்குள் அடங்கும். வீட்டுச் சாமானைத் தனியாளாக விற்பவரை அச்சட்டம் பிடிக்காது. மஹ்ஷரின் கணக்கில் அந்த வேறுபாடு கிடையாது.

வாங்குபவருக்கும் ஒரு சோதனை உண்டு. கணவரை இழந்த மூதாட்டி ஒருவர், அவர் விட்டுப்போன பெட்டியைக் கொண்டுவந்து, "தம்பி, இது என்ன பெறும்?" என்று நம்பிக் கேட்கிறார். உள்ளே கிடைத்தற்கரிய கார்புரேட்டர் இருப்பதை அறிந்தவர், "வெறும் இரும்பு, பத்து வெள்ளி" என்றால், அது சாமர்த்தியம் அல்ல, பொய். ஸஹாபி ஜரீர் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்குப் பேசி முடிக்கப்பட்டது. குதிரையைப் பார்த்த அவர்கள், இது இன்னும் அதிகம் பெறும் என்று உரியவரிடம் சொல்லித் தாமே விலையை ஏற்றி 800 கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக ரசூலுல்லாஹ்விடம் செய்த வாக்குறுதியே காரணம் என்றார்கள். இவ்வளவு தூரம் போகும்படி ஷரீஅத் எல்லோரையும் கட்டாயப்படுத்தவில்லை; நியாயமான லாபத்தையும் தடுக்கவில்லை. ஆனால் நம்பிக் கேட்டவரிடம் பொய் சொல்ல இடமே இல்லை.

சந்தைக்கு வரும் சரக்குக் கூட்டத்தை வழிமறித்து, விலை அறியுமுன் வாங்கிவிடுவதையும், வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்பதையும் பெருமானார் தடுத்தார்கள். விடியுமுன் டார்ச் விளக்குடன் லாரியடியில் நின்று, நிலவரம் அறியாதவரை மடக்குபவரும், கூட்டாளியை நிறுத்திப் பொய் விலை கேட்கச் செய்பவரும் இதை நினைவில் கொள்ளட்டும்.

நாம் செய்யத்தக்கது எளிது. சாமானோடு ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிடுவோம். அசலா நகலா, என்ன குறை, எது நமக்கே தெரியாது என்று அதில் எழுதுவோம். அதனால் ஐந்து வெள்ளி குறைந்தால் குறையட்டும். உண்மை பேசிக் குறையை வெளியிடும் இருவருடைய வியாபாரத்தில் பரகத் உண்டு. மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நாயக வாக்கின் கருத்து. பரகத் போன பிறகு, எண்ணி வைத்த வெள்ளியால் என்ன பயன்?

அல்லாஹு தஆலா நம் நாவுக்கு உண்மையையும் நம் ரிஸ்கில் பரகத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.