பார்க்கும் கண்ணுக்குப் படியளப்பவர் யார்?

கட்டடத்துக்கு அனுமதி வேண்டுமென்று இலங்கையில் 1915ஆம் ஆண்டின் சட்டமே விதித்தது. யாழ்ப்பாண நகரில் அப்பொறுப்பு மாநகர சபையினுடையது. வரைபடத்தில் ஒப்பமிட மேசை போதும். அத்திவாரத்தைச் சென்று பார்க்க ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும்.

செல்வன் மாடி கட்ட ஏழையின் ஆதனவரியை ஏன் செலவழிப்பது, கட்டுபவனே கட்டணம் கொடுக்கட்டும் என்பர். நியாயமான கேள்விதான். ஆனால் உத்தியோகத்தரின் ஊதியம் அக்கட்டணத்தையே நம்பியிருப்பின், பார்க்கும் கண் கட்டுபவனின் கைக்குள் அடங்கிவிடாதா?

2014இல் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் கட்டடத் தொழிலாளர். கட்டணம் செலுத்தியவர்கள் அவர்களல்லர். நம்மூரில் சுவரேறி நிற்கும் மேசனும், மேல்மாடித் தனியார் கல்வி நிலையத்தில் அமரும் மாணவனும் அத்தகையோரே.

அவர்களுக்காகவே பொதுப்பணம். உத்தியோகத்தரை நியமிக்காது மிச்சம் பிடிக்கும் எந்தச் சபையும் ஆபத்தை அவர்கள் தலைமேல் ஏற்றுகிறது. அம்மிச்சத்தை மெச்சும் நாமும் பொறுப்பாளிகளே.