வள்ளம் எப்போது வெளிக்கிடும்?

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் கீழ்புத்துப்பட்டு. அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமில், அல்சைமர் நோயுற்ற ஒரு மூதாட்டிக்கு நற்கருணை கொண்டு செல்வது என் வழக்கம். 1990-இல் மன்னார்ப் பகுதியிலிருந்து படகேறி வந்தவர் அவர்.

மாலைதோறும் அவர் மகனிடம் கேட்பது ஒரே கேள்வி: "வள்ளம் எப்ப வெளிக்கிடும்? கொப்பர் கரையில பாத்துக்கொண்டு நிப்பார்."

கணவர் இறந்து பல்லாண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் மகன் உண்மையைச் சொன்னார். தாய் அன்றுதான் கேள்விப்பட்டவர்போல் கதறி அழுதார். மறுநாள் அதை மறந்து மீண்டும் கேட்டார். இப்போது, "நாளைக்கு வெளிக்கிடும் அம்மா" என்று சொல்லிவிடுகிறார். "இது பொய்தானே சுவாமி, பாவமோ?" என்று என்னை வினவினார்.

குருமடத்தில் கற்ற அறநெறி இறையியல் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. புனித அகுஸ்தினார் கி.பி. 420 அளவில் பொய்யை எதிர்த்து எழுதிய நூலில் இத்தகைய நிலையொன்றை ஆராய்கிறார். கடும் நோயுற்ற தந்தை, தம் ஒரே மகன் இறந்ததை அறியாமல், அவன் உயிரோடிருக்கிறானா என்று கேட்கிறார். உண்மை அவர் உயிரைப் பறித்துவிடக்கூடும். தம் உள்ளம் கலங்குவதை மறைக்காத அகுஸ்தினார், அங்கும் பொய்க்கு இடந்தரவில்லை. நம் வள்ளுவரோ, எவருக்கும் தீங்கின்றி நன்மை விளையுமிடத்தில் சற்றே நெகிழ்கிறார்.

எனினும் அத்தந்தைக்கும் இத்தாய்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. கேட்ட செய்தியை அவரால் மனத்தில் இருத்த முடியும். துயருற்றுத் தேறவும் கூடும். இவரால் இயலாது.

1906-இல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர், மறதி நோயால் இறந்த ஒரு பெண்ணின் மூளையில், நரம்பணுக்களுக்குள் முடிச்சுகளைக் கண்டார். 1975-இல் கண்டறியப்பட்ட 'டௌ' என்னும் புரதத்தால் ஆனவை அவை என்பது பின்னர் தெளிவாயிற்று. நலமான நரம்பணுவில் டௌ, நுண்குழாய்களைத் தாங்கி நிற்கிறது. முதிர்ந்த மனித மூளையில் அதற்கு ஆறு வடிவங்கள் உண்டு. நோயுற்ற மூளையிலோ அது குழாய்களைவிட்டு நீங்கி, பாத்தி நீரில் கரைந்திருந்த உப்பு உறைவதுபோல, இழைகளாகத் திரள்கிறது. உப்பு மீண்டும் நீரில் கரையும். இவை எளிதில் கரைவதில்லை.

இவ்விழைகளின் மடிப்பு நோய்க்கு நோய் வேறுபடுவதை 2017 முதல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். பிக் நோயில் ஒரு மடிப்பு. அந்நோய் பெரும்பாலும் நடத்தையையும் பேச்சையும் மாற்றிவிடும். அத்தகையோரைக் குணங்கெட்டவர் என்று நாம் எத்தனை முறை தூற்றியிருக்கிறோமோ! அல்சைமர் நோயில் வேறொரு மடிப்பு. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியை அந்நோய் தொடக்கத்திலேயே பற்றிக்கொள்கிறது.

ஆதலால் கணவரின் மறைவு இத்தாயின் நினைவில் தங்குவதில்லை. சொல்லப்படும் ஒவ்வொரு நாளும் அவர் புதிதாகக் கைம்பெண் ஆகிறார். உண்மை நாம் பிறருக்குச் செலுத்தவேண்டிய கடன் என்பது மெய்யே. ஆனால் பெற்றுக்கொள்ள இயலாதவர்மீது அதை நாள்தோறும் சுமத்துவது, கடனைத் தீர்ப்பதாகுமா?

அதேவேளை "நாளைக்கு" என்ற சொல்லும் என்னை உறுத்திற்று. பொய் பழகிவிட்டால், அது அவருடைய அமைதிக்காகவா, நம் வசதிக்காகவா என்பதை நாம் ஆராய மாட்டோம். "இவருக்கு என்ன தெரியப்போகிறது?" என்று எண்ணத் தொடங்கும் நாளில், இறைச்சாயலைச் சுமந்த ஒருவரைப் பொருளாக்கிவிடுகிறோம். நினைவு குன்றினாலும் அச்சாயல் குன்றுவதில்லை அன்றோ?

மகனிடம் சொன்னேன்: "தம்பி, அம்மா தேடுவது வள்ளத்தை அல்ல, அப்பாவை. அப்பாவைப் பற்றி அவரிடமே கேளுங்கள்."

அடுத்த முறை சென்றபோது மகன் கேட்டுக்கொண்டிருந்தார். தாய், பேசாலைக் கரையில் கணவர் வலை இழுத்த காலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று வள்ளத்தின் பேச்சு எழவில்லை.

எல்லா மாலைகளும் அப்படி முடிவதில்லை. சில நாள்களில் அவர் விடாமல் கேட்கிறார். மகனும் "நாளைக்கு" என்றே சொல்கிறார். அவரைக் குற்றவாளி என்று தீர்க்க எனக்கு மனம் வரவில்லை. அகுஸ்தினார் என்னைப் பொறுத்துக்கொள்வாராக.